பாக்ஸ் மேல் ஒரு கை

பெரம்பூரில் ஹபீபுல்லா பாயின் தையல் மெஷின் ரிப்பேர் கடைக்கு மேலே ஒரு ஹால் இருந்தது. மரப்பலகை போட்ட தளம். நாற்பது பேர் உட்காரலாம். அதற்குமேல் ஒருவர் வந்தால் யாராவது ஜன்னல் விளிம்பில் ஏறிக்கொள்ள வேண்டும். பாய் வாடகை அதிகம் கேட்கவில்லை. ஒரே ஒரு நிபந்தனை போட்டார். செருப்பு, ஷூ எதுவும் உள்ளே வரக் கூடாது. பலகை இடுக்கு வழியாக மண் கொட்டி, கீழே எண்ணெய் போட்டு வைத்திருக்கும் மெஷின்கள் பாழாகின்றன என்றார். அதனால் ‘ஷண்டிங்’ என்ற அந்த ராக் குழுவின் ரசிகர்கள் எல்லோரும் வெறுங்காலோடுதான் பாட்டுக் கேட்டார்கள். பேஸ் கிட்டாரின் அடிச்சத்தம் காது வழியாக வருவதற்கு முன்பே பாதம் வழியாக ஏறிவிடும்.

அந்த பேஸ் கிட்டாரை வாசித்தவள் பியூலா. பாலிடெக்னிக்கை இரண்டாம் ஆண்டிலேயே விட்டுவிட்டு, குளிர்பதனக் கிடங்கில் ராத்திரி ஷிப்ட் பார்த்துக்கொண்டு, சனிக்கிழமை மட்டும் மனுஷியாக இருந்தவள். பாடியவன் கஜபதி. இருவரும் ஒரே தெரு. ஒரே விஷயத்துக்காக வருஷக்கணக்கில் சண்டை போட்டவர்கள்.

“நாப்பது பேருக்கு மேல போனா அது பாட்டு இல்ல கஜா. கூட்டம்.”

“மேல இருக்கற நாப்பது பேரு புண்ணியம் பண்ணவங்க. ரோட்ல நின்னு கேக்கறவன் இன்னா பாவம் பண்ணான்?”

அந்த இடத்தில் பியூலா சண்டையை விட்டுவிடுவாள். ஏனென்றால் ரோட்டில் நின்று கேட்டவர்களில் அவள் அப்பா ஞானமுத்துவும் ஒருவர். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் பெயின்ட் அடித்து ஓய்வு பெற்றவர். இரண்டு முட்டியும் போய்விட்டது. மாடிப்படி செங்குத்து; ஏற முடியாது. பாய் கடையின் ஷட்டரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு கடைசிப் பாட்டு வரை நிற்பார்.

“கீழயே நல்லாத்தான் கேக்குது. மேல எதுக்கு? ஒரே புழுக்கம்” என்பார்.

“ஒரு நாள் சேர்ல உக்கார வெச்சு தூக்கினு போறேம்ப்பா.”

“தூக்குவ தூக்குவ. நாலு பேரு தூக்கற வரைக்கும் இருந்தா பாக்கலாம்.”

அந்த ஹாலில் ஒரு வழக்கம் உருவாகியிருந்தது. அதைத் தொடங்கியவள் டில்லிராணி. தொழிற்சாலை கேன்டீனில் சமைப்பவள், பியூலாவின் சின்ன வயசுத் தோழி. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் ரயில் அடித்து அவளுடைய ஒரே தம்பி செத்துப்போன வாரம், யாரும் எதிர்பார்க்காமல் சனிக்கிழமை வந்தாள். யாரையும் பார்க்கவில்லை. நேராக நடந்து போய்ப் பியூலாவின் பேஸ் ஸ்பீக்கர் பாக்ஸ் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாள். அப்போது வாசித்துக்கொண்டிருந்தது ரயில்வே கேட்டைப் பற்றிய ‘கேட்’ என்ற பாட்டு. அந்தப் பாட்டைப் போய் அந்த நேரத்தில் வாசித்தோமே என்று பியூலாவுக்கு உடம்பு கூசியது. நிறுத்தத் தெரியவில்லை. அடிநாதத்தை மட்டும் பிடித்துக்கொண்டே இருந்தாள். கஜபதி பாடுவதை நிறுத்தினான். ஹாலில் யாரும் அசையவில்லை. அந்த ஒரு சுரம் பலகை வழியாக எல்லோருடைய காலிலும் ஓடிக்கொண்டிருந்தது. போதும் என்று டில்லிராணி கையை எடுத்தபோதுதான் பாட்டு மேலே போயிற்று.

யாரும் ஆறுதல் சொல்லவில்லை. கீழே வந்ததும் யாரோ டீ வாங்கிக் கொடுத்தார்கள்.

அதற்குப் பிறகு, வீட்டில் சாவு விழுந்தவர்கள் யாராக இருந்தாலும் ‘கேட்’ வரும்போது எழுந்து வந்து பாக்ஸ் மேல் கை வைப்பார்கள். யார் செத்தார்கள் என்று கேட்கக் கூடாது. பியூலா சுரத்தைப் பிடித்துக்கொள்வாள். கை இருக்கும் வரை அது இருக்கும். அவ்வளவுதான் வழக்கம். எழுதி வைத்ததில்லை, பேசி வைத்ததும் இல்லை.

*

பெரிய கச்சேரிகள் நடத்தும் ‘கூடம்’ என்ற கம்பெனியிலிருந்து ஸ்ரீவத்சன் வந்தது ஒரு மழைக்காலத்தில். கால் நனைந்திருந்தது. ஷூவைக் கழற்றச் சொன்னதும் மறுபேச்சில்லாமல் கழற்றினான். கச்சேரி முடியும் வரை சுவரோரம் நின்றான். பிறகு கஜபதியையும் பியூலாவையும் எதிர் டீக்கடையில் உட்கார வைத்துப் பேசினான்.

“பெரிய மைதானத்துல என்ன பிரச்சனை தெரியுமா? கடைசி வரிசை வரைக்கும் சத்தத்த அனுப்பிடலாம். படத்த அனுப்பிடலாம். சிலிர்ப்ப அனுப்ப முடியாது. அது பக்கத்துல இருக்கறவன் உடம்புலேர்ந்து வர்றது. மூச்சு, வேர்வை, கால் நடுக்கம்... நாப்பது பேர் தாண்டினா நீர்த்துப் போயிடும்.”

“அதத்தான் நான் இவன்கிட்ட வருஷக்கணக்கா சொல்லினு கீறேன்” என்றாள் பியூலா.

ஸ்ரீவத்சன் பையிலிருந்து ஒரு பட்டையை எடுத்தான். கழுத்தில் போடுவது. தாயத்துக் கயிறு போல மெலிசாக இருந்தது. “இது ஒரு உடம்புல நடக்கறதப் படிக்கும். இன்னொரு உடம்புல அதையே நடத்தும். நீங்க எப்பவும் போல நாப்பது பேருக்கு வாசிங்க, மைதானத்துக்கு அடியில ஒரு சின்ன ரூம்ல. அந்த நாப்பது பேரும் பட்டை போட்டிருப்பாங்க. மேல அறுபதாயிரம் பேரும் போட்டிருப்பாங்க. கண்ணுக்கு முன்னாடி ஒளியில உங்க உருவம் ஆளுயரத்துக்கு நிக்கும். உடம்புக்குள்ள இந்த மாடி நடக்கும்.”

“அப்ப அவங்க எங்க பாட்ட கேக்கப் போறது இல்ல” என்றாள் பியூலா. “இந்த நாப்பது பேரு கேக்கறதத்தான் கேப்பாங்க.”

“ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கா?”

பியூலா யோசித்தாள். கஜபதி யோசிக்கவில்லை.

“ரோட்ல நிக்கறவன்லாம் மேல வந்துருவான் பியூ. இனிமே ரோடே கெடையாது. இதுக்கு மேல இன்னா வோணும் உனுக்கு?”

அவன் கண் கலங்கியிருந்தது. அவன் பணத்துக்காகச் சொல்லவில்லை. அது பியூலாவுக்குத் தெரியும். பணத்துக்காகச் சொல்லியிருந்தால் மறுப்பது சுலபமாக இருந்திருக்கும்.

முதல் சோதனை தோல்வி. புது அறை, சிமென்ட் தரை, காசு கொடுத்துக் கூட்டி வந்த நாற்பது பேர். மைதானத்தில் இருந்தவர்கள் கொட்டாவி விட்டார்கள். பிறகு ஸ்ரீவத்சன் மாடியின் நாற்பது பேரையே பஸ் வைத்துக் கூட்டிவந்தான். மாடியின் பலகைகளையும் பெயர்த்துக்கொண்டு போனான். பாய்க்கு அதற்குப் பதிலாக சிமென்ட் தளம் போட்டுக் கொடுத்தார்கள். இனி மண் கொட்டாது என்று பாய்க்குச் சந்தோஷம். மைதானத்துக்கு அடியில் அதே பலகை, அதே தாழ்ந்த கூரை, வாசலில் செருப்புக் குவியல். இந்த முறை மேலே கைதட்டல் வந்தது. நன்றாகவே வந்தது.

நாலாவது பாட்டாக ‘கேட்’ வந்தபோது, லாரி புக்கிங் ஆபீஸில் வேலை பார்க்கும் வேலாயுதம் எழுந்து வந்தார். எப்போதும் கடைசியில் உட்காருபவர். பாக்ஸ் மேல் கை வைத்தார். பியூலா சுரத்தைப் பிடித்தாள். கஜபதி நிறுத்தினான். நாற்பது பேரும் மூச்சைப் பிடித்தார்கள்.

அப்போதுதான் மேலே அது நடந்தது. முதலில் சத்தமே இல்லை. பிறகு கூரை அதிர்ந்தது. அறுபதாயிரம் பேர் ஒரே நேரத்தில் அழுதால் எப்படி இருக்கும் என்று பியூலாவுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கூரையிலிருந்து சுண்ணாம்புப் பொடி அவள் தலையில் உதிர்ந்தது.

முடிந்ததும் ஸ்ரீவத்சன் ஓடி வந்தான். “நாலாவது பாட்டுல என்ன பண்ணீங்க? சிலிர்ப்ப அளக்கற வரைபடம் பேப்பரத் தாண்டிப் போயிடுச்சு!”

கஜபதி சொன்னான். பெருமையாகச் சொன்னான். எங்க மாடியில ஒரு வழக்கம் இருக்கு சார் என்று ஆரம்பித்து, டில்லிராணியின் தம்பி முதல் ஒன்று விடாமல் சொன்னான். எந்தக் கேள்வியும் கேட்கக் கூடாது என்று இருந்த விஷயத்துக்கு, கேட்காமலேயே முழுப் பதிலையும் கொடுத்தான். பியூலா பக்கத்தில்தான் இருந்தாள். தலையில் பொடியைத் தட்டிக்கொண்டிருந்தாள். அவன் வாயைப் பொத்தியிருக்கலாம். தன் வழக்கத்தைப் பற்றி ஒரு படித்தவன் வாயைப் பிளந்து கேட்பது அவளுக்கும் இனித்தது.

*

அடுத்த ஊரில் அறைக்குள் தெரியாத ஒரு பெண் இருந்தாள். ‘கேட்’ வந்ததும் எழுந்து வந்து கை வைத்தாள். சொல்லிக்கொடுத்து அனுப்பியது போல் இருந்தது. கையை வைத்த இடம் தப்பு, பாக்ஸின் ஓரத்தில். ஆனால் அழுகை நிஜம். அதற்கடுத்த ஊரில் ஒரு கிழவர். பிறகு கல்லூரிப் பையன் ஒருவன். கம்பெனி அவர்களைச் ‘சிறப்பு விருந்தினர்’ என்று அழைத்தது. கார் அனுப்பியது. ஆஸ்பத்திரி வாசலிலும் மின்மயானத்திலும் ஆள் வைத்திருந்தது. மாடியின் பழைய நாற்பது பேர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, எல்லாம் புது முகமாயிற்று.

“பொணம் தேடறீங்களா?” என்று பியூலா கேட்டாள்.

“யாரையும் நாங்க அழ வெக்கல பியூலா” என்றான் ஸ்ரீவத்சன். “எப்படியும் அழப் போறவங்களக் கூப்பிடறோம். வந்துட்டுப் போறவங்களக் கேட்டுப் பாருங்க. எல்லாரும் ஒரே வார்த்ததான் சொல்றாங்க.”

“இன்னா வார்த்த?”

“லேசா இருக்கு.”

அது உண்மைதான். அவர்கள் வெளியே போகும்போது முகம் கழுவி விட்டது போல் இருக்கும். டில்லிராணியே இரண்டு முறை பட்டை போட்டுக்கொண்டு வந்து தம்பிக்காகக் கை வைத்தாள். “நெஞ்சுல கல்ல எறக்கி வெச்சா மாரி கீதுடி” என்றாள். மூன்றாவது முறை கேட்டபோது ஸ்ரீவத்சன் வேண்டாமென்றான். இரண்டாம் தடவையே வரைபடம் அசையவில்லையாம்.

என்ன காரணம் என்று பிறகு வேலாயுதம் மூலமாகத்தான் பியூலாவுக்குப் புரிந்தது. ஒரு நாள் பெரம்பூர் ஸ்டேஷன் வாசலில் அவளை நிறுத்தினார்.

“ஒண்ணு கேக்கணும்மா. என் சம்சாரம் போட்டோவப் பாத்தா யாரோ மாதிரி இருக்கு. நல்ல பொம்பள, இருவது வருஷம் இருந்தா. அதெல்லாம் ஞாபகம் கீது. ஆனா ஒண்ணும் வர்ல. அன்னிக்கு உங்க ரூம்ல வெச்சது அங்கயே நின்னுபோச்சா?”

பியூலா ஸ்ரீவத்சனை நேராகக் கேட்டாள். அவன் மறைக்கவில்லை. அவனிடம் அந்த ஒரு நல்ல குணம் இருந்தது.

“அறுபதாயிரம் பேருக்குப் போய்ச் சேரணும்னா, இங்க இருக்கற உடம்புல அத முறுக்கித்தான் ஆகணும். அந்த அளவுக்கு முறுக்கினா உடம்பு அந்தக் கதவ சாத்திடறது. எல்லாக் கதவையும் இல்ல. அந்த ஒரு ஆளோட கதவ மட்டும். ஒரு துக்கம், ஒரு தடவைதான்.”

“ராணிக்கு எல்லாக் கதவும் சாத்திக்கிச்சு.”

“அவங்க ரெண்டு தடவ வந்தாங்க. நான் முதல்லயே தடுத்திருக்கணும்.”

டில்லிராணி கேன்டீன் வேலையை விட்டிருந்தாள். உப்பும் காரமும் அவளுக்குத் தெரிந்தது; ருசி தெரியவில்லை. இப்போது ஆஸ்பத்திரியில் ஆள் இல்லாத நோயாளிகளுக்குத் துணையாக இருக்கும் வேலை. அதில் அவளுக்கு நல்ல பெயர். எந்தப் புண்ணைப் பார்த்தும் முகம் சுளிக்க மாட்டாள். யார் செத்தாலும் கை நடுங்காமல் கண்ணை மூடி விடுவாள்.

“எனுக்கு ஏத்த வேலடி இது” என்றாள். சிரித்தாள். சிரிப்பு வாயோடு நின்றது.

இதற்கெல்லாம் பிறகும் பியூலா ஏன் போய்க்கொண்டிருந்தாள் என்றால், அப்பாவின் நுரையீரல் வைத்தியச் செலவு என்று சொல்லிக்கொண்டாள். அது பாதிப் பொய். மீதி, அந்தக் கூரை. அறுபதாயிரம் பேர் தன் ஒரு விரலுக்குக் கீழே உடைவதைத் தலையில் பொடியாக வாங்கிக்கொள்ளும் அந்த நேரம். மாடியில் அப்படி எதுவும் உதிர்ந்ததில்லை. சின்ன இடம்தான் சிறந்தது என்று வாழ்நாள் முழுக்க வாதாடியவளுக்கு இது வெட்கம். வெட்கத்தோடேயே போய் வாசித்தாள்.

*

அப்பா ஆஸ்பத்திரியில் படுத்த மாதம் அவள் முடிவெடுத்தாள். டில்லிராணிதான் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டாள். டாக்டர் இன்னும் பத்து நாளில் வீட்டுக்கு அனுப்பலாம் என்றார்.

“வண்டலூர் ஷோதான் கடைசி” என்று பியூலா கஜபதியிடமும் ஸ்ரீவத்சனிடமும் சொன்னாள். “எனுக்கு ஒண்ணே ஒண்ணு வோணும். மாடிப் பலகய திருப்பிக் குடுங்க. பாய் கிட்ட பேசிட்டேன். அப்பாவ சேர்ல தூக்கினு போயி, மேல உக்கார வெச்சு, ஒரு தடவ வாசிக்கணும். பட்டயும் கெடையாது, ஒரு மயிரும் கெடையாது.”

“ஒரு ஆளுக்காகவா?” என்றான் கஜபதி.

“ஆமா. ரோட்ல நின்னவன் இன்னா பாவம் பண்ணான்னு கேட்டியே. அந்த ஆளுக்காக.”

ஸ்ரீவத்சன் ஒத்துக்கொண்டான். ஷோ மட்டும் ஒழுங்காக முடியட்டும் என்றான்.

வண்டலூருக்குக் கிளம்பும் முன் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போனாள். மூக்கில் குழாயோடு அப்பா இட்லியைப் பார்த்து முறைத்துக்கொண்டிருந்தார்.

“பலக வருதுப்பா. அடுத்த சனிக்கெழம மாடி.”

“யாரு தூக்கறது?”

“நான், ராணி, கஜா, பாய் மகன்.”

“அந்த கஜா வோணாம். எசகுபெசகா பாட ஆரம்பிச்சான்னா என்ன கீழ போட்ருவான்.” இருமினார். பிறகு டில்லிராணியைக் காட்டி, “இவ ஒருத்தியே தூக்குவா. இவதான்டி எனுக்குப் பொண்ணு. நீ ஸ்டாரு” என்றார்.

டில்லிராணி இட்லியைப் பிட்டுக்கொண்டே, “வாயத் தொற நைனா, மொதல்ல” என்றாள்.

*

அறைக்குள் போன் கொண்டு போக முடியாது. பட்டைகளைக் குழப்பும் என்று நுழையும்போதே வாங்கி வைத்துவிடுவார்கள். பியூலாவும் பட்டை போட்டுக்கொண்டாக வேண்டும். மேலே நிற்கும் ஒளி உருவத்தின் தாளம் அது வழியாகத்தான் அவள் காதுக்கு வரும். வழக்கம்போல எரிச்சலோடு மாட்டிக்கொண்டாள்.

அன்று சிறப்பு விருந்தினர் நாற்காலி காலியாக இருந்தது. ஸ்ரீவத்சன் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருந்தான். கார் போன வீட்டில் அவர்கள் கடைசி நேரத்தில் வர மறுத்துவிட்டார்களாம். கஜபதி அவளைப் பார்க்கவே இல்லை. தான் விலகுவதால் கோபம் என்று பியூலா நினைத்தாள். போகட்டும்.

மூன்று பாட்டு ஓடியது. மேலே கைதட்டல் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பொடி உதிரவில்லை. ‘கேட்’ ஆரம்பித்தார்கள்.

பாதியில் கதவு திறந்தது. டில்லிராணி உள்ளே வந்தாள்.

வெறுங்கால். கழுத்தில் பட்டை இல்லை. ஆஸ்பத்திரியின் துணையாள் அட்டை மட்டும் கயிற்றில் தொங்கியது. நாற்பது புது முகங்களுக்கு நடுவே, முன்பு மாடியில் நடந்தது போலவே, யாரையும் பார்க்காமல் நடந்து வந்தாள். பாக்ஸ் மேல் உள்ளங்கையை வைத்தாள். ஓரத்தில் இல்லை. சரியான இடத்தில்.

பியூலாவின் விரல் பழக்கத்தில் சுரத்தைப் பிடித்தது. கஜபதி நிறுத்தினான்.

யார் என்று கேட்கக் கூடாது. ஆனால் மனம் கேட்டது. இவளுக்கு யார் இருக்கிறார்கள் சாக? அம்மா எப்போதோ போய்விட்டாள். தம்பி போய்விட்டான். புருஷன் கிடையாது. கை வைக்கிற அளவுக்கு இவளுக்கு இந்த ஊரில் ஒரு ஆளும் இல்லையே. அதுவுமில்லாமல் இவளுக்குத்தான் ஒன்றும் வராதே. பின்னே எதற்கு வந்து நிற்கிறாள்? யாருக்காக?

டில்லிராணி நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். கண் காய்ந்திருந்தது. பார்வை விலகவில்லை. அட்டையில் எழுதியிருந்த வார்டு எண் பியூலாவின் கண்ணில் பட்டது. காலையில் அப்பாவின் கட்டில் தலைமாட்டில் பார்த்த அதே எண்.

சுரம் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. விரல் அவளைக் கேட்காமல் பிடித்துக்கொண்டே இருந்தது. கை இருக்கும் வரை சுரம் இருக்க வேண்டும்; அதுதான் வழக்கம். முட்டிக்குக் கீழே கால் இல்லாதது போல் ஆயிற்று. பலகை மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது. கழுத்தில் பட்டை சுட்டது. உள்ளே எதுவோ வேரோடு இழுபட்டு மேலே மேலே போயிற்று.

கூரைக்கு மேலே ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. பிறகு வந்தது. அந்தக் கட்டடம் அதுவரை அப்படி ஆடியதில்லை. பொடி, துண்டு துண்டாகச் சுண்ணாம்பு, ஒரு விளக்கு மூடி. பியூலாவின் தலையும் தோளும் வெள்ளையாயின.

டில்லிராணி கையை எடுத்தாள்.

*

“ஷோ முடிஞ்சப்புறம் சொல்லலாம்னு இருந்தோம்” என்றான் கஜபதி. மூக்கு ஒழுகி, முகம் முழுக்க நனைந்திருந்தது.

“எப்ப தெரியும் உனுக்கு?”

“மத்தியானம். ராணி போன் பண்ணா. பியூ, சத்தியமா, ரெண்டு மணி நேரம்தானேன்னுதான்...”

பியூலா டில்லிராணியைப் பார்த்தாள்.

“வாசல்ல மொதல்ல உள்ள வுட மாட்டேன்னாங்க” என்றாள் டில்லிராணி. “உன்கிட்ட இப்ப சொல்லாதன்னு இவன் போன்ல கால்ல வுழாத கொறயா கெஞ்சினான். சரி, சொல்லலன்னேன். கை வெக்காதன்னு யாரும் சொல்லல.”

ஸ்ரீவத்சன் கதவோரம் நின்றிருந்தான். “நாங்க ஏற்பாடு பண்ணல பியூலா. அவங்க உள்ள வந்ததே எனக்குத் தெரியாது. நம்புங்க.” அவள் நம்பினாள். அவன் கையில் இருந்த திரை இன்னும் ஒளிர்ந்துகொண்டிருந்தது. அதைப் பார்க்காமல் இருக்க அவன் படும் பாட்டையும் கவனித்தாள். “பலகைய நாளைக்கே அனுப்பி வெக்கறேன்” என்றான்.

பியூலா பட்டையைக் கழற்றினாள். கழுத்தில் சிவப்பாகக் கோடு விழுந்திருந்தது. அப்பாவை நினைத்துப் பார்த்தாள். ஷட்டரில் சாய்ந்து நிற்கும் முதுகு. இட்லியை முறைக்கும் முகம். எல்லாம் தெளிவாக, ஒன்று விடாமல் வந்தது. நல்ல மனுஷன்.

“ராணி” என்றாள். குரல் சாதாரணமாக இருந்தது. “லேசா கீதுடி.”

டில்லிராணி பியூலாவிடம் நெருங்கி வந்தாள். அவள் தலையிலிருந்த சுண்ணாம்பைத் தட்டிவிட்டாள்.

*

மறுநாள் மத்தியானம் காசிமேடு கல்லறையில் அடக்கம். மொத்தம் பதினொரு பேர் வந்திருந்தார்கள். சர்ச் ஐயர் ஜெபத்தைச் சீக்கிரம் முடித்தார். வெயில். பியூலாவின் அத்தைகூட மூக்கைத்தான் உறிஞ்சினாள். பியூலா கொத்தாக மண் எடுத்துப் போட்டாள், மற்றவர்கள் போட்டது போலவே.

கூட்டத்தில் ஒரே ஒருவன்தான் கதறினான். அமரர் ஊர்தியை ஓட்டி வந்தவன். முப்பது வயது இருக்கும். குழி மேட்டில் குந்தி உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க அழுதான்.

“யாருடி அவன்?” என்று அத்தை காதில் கேட்டாள். “உங்கப்பனுக்கு வெளிய எதுனா...”

“இல்ல அத்த. யாருன்னு கேட்டுனு வரேன் இரு.”

பியூலா போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் அவசரமாக எழப் பார்த்தான். “தப்பா நெனைக்காதீங்கம்மா. எனுக்கு இவுரு யார்னே தெரியாது. நேத்து வண்டலூர்ல கச்சேரிக்குப் போயிருந்தேன். அதுலேர்ந்து இப்டித்தான். எங்கப்பா நல்லா கீறாரு, காலைல கூட திட்டினாரு. ஆனா செத்துட்டா மாரியே... இந்தப் பொட்டியப் பாத்ததும் தாங்க முடில.”

“எவ்ளோ பின்னாடி ஒக்காந்திருந்தீங்க?”

“கடேசி வரிசம்மா. ஒண்ணுமே தெரியாது அங்கேர்ந்து. ஆனா பக்கத்துல நின்னா மாரி இருந்துச்சு.”

அவள் தலையாட்டினாள். மண்வெட்டிக்காரர் வேலையை ஆரம்பித்திருந்தார்.

“எப்டி இருந்துச்சு?” என்றாள்.

“இன்னாம்மா?”

“நேத்து. நாலாவது பாட்டுல. எப்டி இருந்துச்சுன்னு சொல்லுங்க.”

அவன் முழங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு யோசித்தான். “எப்டி சொல்றது... முட்டிக்குக் கீழ கால் போயிட்டா மாரி. எதிர்ல படி கீது, மேல யாரோ கூப்டறாங்க, ஆனா ஏற முடில. அந்த மாரிம்மா.”

“அப்புறம்?”

அவன் சொல்லச் சொல்ல, பியூலா முகத்தை அவன் பக்கம் சாய்த்து, ரோட்டில் நின்று மாடிச் சத்தத்தைக் கேட்பவளைப் போலக் கேட்டுக்கொண்டிருந்தாள்.